மலைப்பாதையும் முறுக்குத் தண்டும்

அவிசாவளையிலிருந்து எட்டியாந்தோட்டை, கித்துல்கலை, கினிகத்தேனை ஊடாக ஹட்டனுக்கும், அங்கிருந்து தலவாக்கலை, நானுஓயா வழியே நுவரெலியாவுக்கும் ஏறிச் செல்லும் வீதியை மோட்டார் வண்டிகளுக்கு வைக்கப்பட்ட பரீட்சை என்றே கூறலாம். தாழ்நிலத்தில் தொடங்கும் அவ்வீதி 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நகரிற் போய் முடிகிறது. இடையே வரும் வட்டவளைப் பகுதி, இலங்கையில் மிகுந்த மழை பெறும் இடங்களுள் ஒன்று. பெருவீதியை விட்டுத் தோட்டத்துக்குள் திரும்பினாலோ, தார் மறைந்து கல்லும் குழியும் சேறுமே பாதையாகிவிடுகின்றன. இப்பரீட்சையில் பெரிய வண்டிகள் பல திணறியபோது இலகுவாகத் தேறிய சிறு கார் ஒன்று உண்டு. ஆமையின் ஓட்டைப் போல முதுகு வளைந்த, ஜேர்மனி நாட்டு வொக்ஸ்வாகனே அது.

அது தேறியதற்குக் காரணங்கள் இரண்டு. அதன் இயந்திரம் பின்புறத்தில் அமைந்திருக்கிறது. வண்டியை உந்துவனவும் பின் சக்கரங்களே. பாரத்தின் பெரும்பகுதி உந்தும் சக்கரங்களின்மேல் அழுந்துவதால், ஈரம் படிந்த ஏற்றத்திலும் அவை வழுக்காமல் நிலத்தைப் பற்றிக்கொள்கின்றன. அன்றியும், அவ்வியந்திரம் காற்றினாற் குளிர்வது. கொதித்துப் பொங்குவதற்கு அதில் தண்ணீரே இல்லை. 1938ஆம் ஆண்டிலே தொடங்கிய அதன் உற்பத்தி, 2003 ஜூலையில் மெக்சிக்கோ நாட்டில் முடிவுற்றபோது, 2 கோடியே 15 இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் உருவாகியிருந்தன. 1950களிலும் 1960களிலும் இலங்கையில் வந்திறங்கியவற்றுட் பல இன்றும் ஓடுகின்றன. 1970 முதல் 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடுகளும், 2020 மார்ச்சில் விதிக்கப்பட்டு 2025இல் தளர்த்தப்பட்ட வாகன இறக்குமதித் தடையும், வீட்டிலுள்ள பழைய வண்டியைப் பேணுவதை ஒரு கட்டாயமாகவே ஆக்கியிருந்தன. தோட்டப்புறத்தில் கார் ஒன்று வைத்திருப்பவர் தம் குடும்பத்துக்கு மட்டும் சாரதியாக இருப்பதில்லை. நள்ளிரவில் நோயாளியை ஏற்றிக்கொண்டு மலையிறங்கும் பொறுப்பும் அவரையே வந்து சேர்கிறது. ஆகவே அக்காரின் பின்புறம் செம்மையாக இருக்கிறதா என்பது அவர் ஒருவரின் காரியமாகாது.

ஏறும்போது துணையாயிருந்த அதே பின்பாரம் இறங்கும்போது குணம் மாறுகிறது. வளைவிலே வேகமாகத் திரும்பும் வண்டியில், பாரமான பகுதி நேரே செல்லவே விரும்பும். பாரம் பின்னே இருப்பதால், வால் வெளிப்புறமாக வீசப் பார்க்கிறது. அதனைத் தடுத்து நிறுத்துவது பின் சக்கரங்கள் நிலத்தைப் பற்றும் பிடி ஒன்றே. அப்பிடியைக் காப்பது பின் தாங்கமைப்பு. அதாவது, சக்கரத்தையும் உடலையும் இணைத்து, குழியில் விழும் அதிர்ச்சியை உடலுக்கு எட்டாமல் வாங்கிக்கொள்ளும் பகுதி.

வொக்ஸ்வாகனில் இது விசித்திரமான ஒன்று. மாட்டு வண்டியிலும் லொறியிலும் காணும் அடுக்கு வில் இதில் இல்லை. சுருள் வில்லும் இல்லை. கியர்ப் பெட்டிக்கு முன்னே, வண்டியின் குறுக்காக ஓர் இரும்புக் குழாய் செல்கிறது. அதனுள், வலப்புறம் ஒன்றும் இடப்புறம் ஒன்றுமாக, கட்டைவிரற் பருமனும் ஏறக்குறைய இரண்டடி நீளமுமான உருக்குத் தண்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒவ்வொன்றின் உள்முனையும் நடுவிலே அசையாமற் பொருத்தப்பட்டுள்ளது. வெளிமுனையில் நீண்ட தகடு ஒன்று மாட்டப்பட்டுப் பின்னோக்கிச் சென்று சக்கரத்தின் அச்சுக்குழாயைப் பிடித்திருக்கிறது. சக்கரம் கல்லின்மேல் ஏறினால் தகடு உயர்கிறது. தகடு உயர்ந்தால் தண்டு முறுக்குண்கிறது. ஈரத் துணியை ஒருவர் ஒரு முனையில் இறுகப் பிடித்திருக்க, மற்றவர் மறுமுனையை முறுக்கிப் பிழிவதை நினைத்துக்கொண்டாற் போதும். வேறுபாடு ஒன்றுதான்: துணி முறுக்கியபடியே கிடக்கும்; உருக்குத் தண்டோ விட்டவுடன் பழைய நிலைக்குத் திரும்பிச் சக்கரத்தை நிலத்தில் அழுத்தும். இம்முறுக்குத் தண்டுத் தாங்கமைப்புக்கு பேர்டினண்ட் போர்ஷே 1931ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார்.

தண்டு இவ்வாறிருக்க, சக்கரத்தின் அச்சு வேறொரு கதை. கியர்ப் பெட்டியின் இரு பக்கத்திலும் ஒவ்வொரு மூட்டு உண்டு. அதிலிருந்து அச்சுக்குழாய், தோளிலிருந்து கை அசைவதைப்போல, மேலும் கீழும் ஊசலாடுகிறது. எட்மண்ட் ரூம்ப்ளர் என்னும் ஒஸ்திரியப் பொறியியலாளர் 1903இல் காப்புரிமை பெற்ற ஊசல் அச்சு இதுவே. கை மேலும் கீழும் அசையும்போது விரிந்த உள்ளங்கை ஒரே கோணத்தில் நிற்பதில்லை அல்லவா? சக்கரமும் அப்படியே. உடல் தாழ்ந்தாற் சக்கரத்தின் மேற்பகுதி உட்புறம் சாய்கிறது. உடல் உயர்ந்தால் மேற்பகுதி வெளிப்புறம் சாய்ந்து, அடிப்பகுதி வண்டியின்கீழே மடங்குகிறது.

ஆபத்து இந்த மடக்கத்திலேதான் இருக்கிறது. இறக்கத்தில், கொண்டையூசி வளைவொன்றின் நடுவில், சாரதி பயந்து திடீரெனப் பிரேக்கை மிதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வண்டியின் முகம் தாழ்ந்து வால் உயர்கிறது. வெளிப்புறத்துப் பின் சக்கரம் அடியிலே மடங்கத் தொடங்குகிறது. மடங்க மடங்க வால் இன்னும் உயர்கிறது. டயர் தன் அகலம் முழுவதும் பதியாமல் ஓரத்தினால் மட்டுமே நிலத்தைத் தொடுகிறது. அதன்பின் வால் வீசுவதைத் தடுக்க எதுவும் இல்லை. இக்குறையை உற்பத்தியாளர்கள் அறியாதவர்களல்லர். மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் 1954இல் ஊசலின் மூட்டைத் தாழ்த்தி இதற்குப் பரிகாரம் தேடியது. 1965இல் ரால்ப் நேடர் எழுதிய புகழ்பெற்ற நூல், அமெரிக்கக் கார் ஒன்றின் ஊசல் அச்சையே குற்றக் கூண்டில் ஏற்றியது. வொக்ஸ்வாகன் நிறுவனமும் 1967ஆம் ஆண்டு மாதிரிகளிற் பின் சக்கரங்களின் இடைவெளியை அகட்டி, சமனாக்கும் கம்பியொன்றைச் சேர்த்தது. பின்னர், பக்கத்துக்கு இரண்டு மூட்டுகள் கொண்ட அச்சை உயர்தர மாதிரிகளிலே புகுத்தியது. இங்கே விளக்கப்படுவது பழைய, பக்கத்துக்கு ஒரு மூட்டுடைய அமைப்பே.

இவ்விடத்தில் மலைநாட்டில் வேரூன்றிய ஒரு பழக்கத்தைக் கண்டிக்காமல் அப்பாற் செல்ல முடியாது. தோட்டப் பாதையின் நடு மேட்டில் அடிப்பாகம் இடிக்கிறதென்று, முறுக்குத் தண்டைச் சில பற்கள் திருப்பி மாட்டி, வண்டியின் வாலை உயர்த்துவோர் உளர். பார்வைக்கு அது கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் நிற்கும்போதே சக்கரங்களின் அடி உட்புறம் மடங்கிய நிலையை அது உண்டாக்கிவிடுகிறது. வளைவிலே நிகழக்கூடிய விபத்துக்குப் பாதி வழியைக் கராஜிலேயே கடந்து கொடுத்தாற் போலாகும். நுவரெலியாவில் 1934 முதல் நடைபெற்றுவரும் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி போன்றவற்றுக்குக் கார்களை ஆயத்தம் செய்வோர், ஊசல் அச்சுடைய வண்டியின் வாலைத் தாழ்த்தவே முற்படுவார்கள். மேட்டிலே இடிக்காமல் மெதுவாக ஓட்டுவது சாரதியின் வேலை. சக்கரம் நிற்கவேண்டிய கோணத்தை அளந்து வைப்பதே செப்பனிடுவோரின் வேலை.

இனி, அறுபது ஆண்டுகள் ஓடிய வண்டியில் எது தேய்ந்திருக்கும்? தண்டு முறிந்திருக்கும் எனப் பலர் முதலில் அஞ்சுகின்றனர். உண்மையில், துருவேறாமற் காக்கப்பட்ட தண்டு முறிவது அரிது. முதுமை முதலில் வருவது இறப்பருக்கே. தகட்டின் இருபுறமும் அணைந்திருக்கும் இறப்பர் வளையங்கள் கல்லாக இறுகி வெடித்திருக்கும். அதனால் தகடு தன் இடத்தில் நில்லாது. பின் சக்கரம் வளைவிலே தானாகவே சிறிது திரும்பிக்கொள்ளும். அடுத்தது அதிர்வு தாங்கி, பேச்சு வழக்கில் சொக் அப்சோபர். வண்டியின் வாலை அழுத்தி விட்டுப் பார்த்தால், ஒருமுறை உயர்ந்து அடங்கவேண்டும். தொட்டில்போல ஆடிக்கொண்டே இருந்தால் அதனுள் உயிர் இல்லை என்று கொள்ளலாம். மூன்றாவது, ஊசலின் மூட்டை மூடியிருக்கும் இறப்பர் உறை. இவ்வுறை கிழிந்தாற் கியர்ப் பெட்டியின் எண்ணெய் ஒழுகிப்போகும். சேறு உள்ளே புகும். நான்காவது, சக்கரத்தின் அருகிலுள்ள ஒயில் சீல். மிகச் சிறிய பொருள், விலையும் அற்பம். ஆயினும் நான்கினுள்ளும் உயிருக்கு மிக அண்மையில் இருப்பது இதுதான். கியர்ப் பெட்டியின் எண்ணெய் அச்சுக்குழாய் வழியே சக்கரம்வரை வருகிறது. சீல் பழுதுற்றால், அவ்வெண்ணெய் பிரேக்கின்மேற் படிகிறது. சக்கரத்தின் உட்புறத்தில் எண்ணெய்க் கோடு கண்ட வண்டியை, அதனைச் செப்பனிடாமல் கினிகத்தேனை இறக்கத்தில் விடவே கூடாது.

வேலையை வீட்டு முற்றத்திலே செய்யலாம். ஆனால் முற்றம் சமதளமாக இருக்கவேண்டும். மலைநாட்டில் அவ்வாறான நிலம் கிடைப்பதே பாதி வெற்றி. முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்து, பின்புறத்தை ஜாக்கினால் உயர்த்தி, உறுதியான தாங்கிகளின்மேல் அல்லது அகன்ற மரக்குற்றிகளின்மேல் நிறுத்தவேண்டும். செங்கல்லையும் கபுக்கல்லையும் நம்பலாகாது. அவை முன்னறிவிப்பின்றி உடையும். ஜாக்கை மட்டும் நம்பி வண்டியின் கீழே நுழைவது உயிரைப் பணயம் வைப்பதாகும். இம்மலையின் ஈரத்தில் ஆணிகள் துருவேறி இறுகியிருக்குமாதலால், இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பிருந்தே அவற்றின்மேல் துரு நீக்கும் எண்ணெயை விட்டு ஊறவைப்பது நலம். தண்டுகள் செல்லும் குறுக்குக் குழாயின் முனைகளையும் அதிர்வு தாங்கி பூட்டப்படும் இடங்களையும் தட்டிப் பார்க்கவேண்டும். அவ்விடங்களில் இரும்பு உளுத்திருக்குமானால், வேலையை அங்கேயே நிறுத்தி, ஒட்டு வேலை அறிந்த பாஸ் ஒருவரை அழைக்கவேண்டும். புதிய இறப்பரைக் கொண்டு உளுத்த இரும்பை மறைப்பதாற் பயனில்லை.

கழற்றுமுன் குறியிடவேண்டும். தகட்டில், அச்சுக்குழாயைப் பிடிக்கும் ஆணிகளுக்கான துளைகள் நீண்டவை. அச்சை முன்னும் பின்னும் நகர்த்திச் சக்கரத்தின் திசையை ஒழுங்கு செய்வதற்கென்றே அவ்வாறு அமைத்திருக்கின்றனர். தகடும் அச்சும் சந்திக்கும் இடத்தில் உளியால் ஒரு கோடு வெட்டி வைத்தால், மீண்டும் பூட்டும்போது அதே இடத்துக்கு வரலாம். பின்னர் அதிர்வு தாங்கியின் கீழ் ஆணியைக் கழற்றி, கைப்பிரேக்கின் கம்பியைத் தளர்த்தி, தகட்டின் ஆணிகளை நீக்கி, அச்சுக்குழாயைச் சிறிது பின்னுக்கு இழுத்தால் தகடு தனித்து நிற்கும்.

தனித்து நிற்கிறது என்பதால் அடங்கி நிற்கிறது என்று எண்ணிவிடக்கூடாது. அது கீழேயுள்ள ஒரு படியின்மேல் அமர்ந்திருக்கிறது. தண்டோ இன்னும் முறுக்குண்டே இருக்கிறது. நான்கு ஆணிகளால் பூட்டிய மூடியை நீக்கியபின், தகட்டின் பின்முனைக்குக் கீழே ஜாக்கை வைத்துச் சிறிது உயர்த்தி, படியை விட்டு வெளிப்புறமாக நகர்த்தி, பின்பு ஜாக்கை மிக மெதுவாகத் தாழ்த்தவேண்டும். ஜாக் வழுக்கினால் தகடு கீழ்நோக்கி வெட்டுக்கத்தியின் வேகத்தில் விழும். அதன் பாதையிலே கை, கால், முகம் எதுவும் இருத்தலாகாது. தகட்டையும் ஜாக்கையும் சங்கிலியாற் பிணைத்துக்கொள்வது புத்தி. சிறுவர்களை முற்றத்திலிருந்து அப்புறப்படுத்திவிடவேண்டும்.

தகடு தளர்ந்து தொங்கும் இந்நிலையிலேதான் கோணத்தை அளக்கவேண்டும். வண்டி சற்றே சாய்ந்து நிற்கலாமாகையால், முதலிற் கதவடிச் சட்டத்தின் சாய்வையும் பின்பு தகட்டின் சாய்வையும் அளந்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எழுதிவைக்கவேண்டும். விலையுயர்ந்த கருவி தேவையில்லை. பள்ளிக்கூடப் பாகைமானி ஒன்றை நேரான மரச்சட்டத்தில் ஒட்டி, அதன் மையத்திலிருந்து நூலிற் சிறு குண்டைத் தொங்கவிட்டால் போதும். இரண்டு பக்கத்தையும் அளந்து, அந்த ஆண்டு மாதிரிக்குக் கைந்நூலிற் குறித்த கோணத்தோடு ஒப்பிடவேண்டும். மாதிரிக்கு மாதிரி அது வேறுபடுவதால், அடுத்த வீட்டுக்காரரின் வண்டியைப் பார்த்து வைத்துக்கொள்ளலாகாது.

கோணம் பிழையாயிருந்தால் திருத்தும் முறை, கணிதத்தில் ஆர்வமுள்ளோரை மகிழ்விக்கத்தக்கது. தண்டின் உள்முனையில் 40 பற்கள். வெளிமுனையில் 44 பற்கள். 360 பாகையை 40 ஆல் வகுத்தால், உள்முனையில் ஒரு பல்லுக்கு 9 பாகை. 44 ஆல் வகுத்தால், வெளிமுனையில் ஒரு பல்லுக்கு ஏறக்குறைய 8 பாகை 10 கலை. உள்முனையை ஒரு பல் முன்னுக்கும் வெளிமுனையில் தகட்டை ஒரு பல் பின்னுக்கும் திருப்பி மாட்டினால், எஞ்சும் வேறுபாடு ஏறத்தாழ 50 கலை; ஒரு பாகைக்கும் குறைவு. இருமுனையிலும் ஒரே எண்ணிக்கைப் பற்கள் இருந்திருந்தால், இத்தனை நுட்பமான திருத்தம் கைகூடியிராது. பருமனான பற்களைக் கொண்டே நுண்ணிய அளவைப் பெறும் இந்த ஏற்பாட்டுக்குத் திருகோ மறையோ தேவைப்படவில்லை.

தண்டை வெளியே இழுப்பதற்கு மட்கார்டின் முன் ஆணிகளைத் தளர்த்தி வழி செய்யவேண்டும். வலத்தண்டையும் இடத்தண்டையும் மாற்றி மாட்டக்கூடாது. ஒவ்வொன்றும் தொழிற்சாலையிலேயே ஒரு திசையில் முறுக்கிப் பழக்கப்பட்டது. முனையிலுள்ள அடையாளம் பக்கத்தைக் காட்டும். தண்டின்மேற் பூசிய வர்ணத்தைச் சுரண்டலாகாது. சிறு கீறலிலே துரு குடியேறி, ஆண்டுகள் பல சென்றபின் அவ்விடத்திலேயே தண்டு முறியும். முறிந்த தண்டைக் கண்டால், மறுபக்கத் தண்டையும் கழற்றிவிட்டு, நீண்ட கம்பியினால் உள்ளே தங்கிய துண்டைத் தள்ளி எடுக்கலாம். பற்களுக்குக் கிறீஸ் பூசவேண்டும். இறப்பர் வளையங்களுக்கோ கிறீஸ் ஆகாது, இயற்கை இறப்பரை அது ஊதிக் கெடுக்கும். குழந்தைகளுக்குப் பூசும் டால்கம் பவுடரே இவ்வளையங்களுக்கு ஏற்ற மசகு. இது தொழிற்சாலைக் கைந்நூலே கூறும் முறை. புதிய வளையம் தடிப்பாக இருப்பதால் மூடியின் ஆணிகள் முதலில் எட்டமாட்டா. நீளமான ஆணிகள் இரண்டைக் குறுக்காக மாட்டி மூடியை இழுத்துக்கொண்டு, பின்னர் உரியவற்றைப் பூட்டலாம். கொழும்புப் பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் தேடுவோர், கழற்றிய பழைய வளையத்தை வாங்காமல் புதியதையே கேட்டு வாங்கவேண்டும். கடைத் தட்டிலே கிடந்த இறப்பருக்கும் மூப்பு உண்டு.

மூட்டின் உறை, பிளந்து ஒட்டத்தக்கதாக இப்போது கிடைக்கிறது. அச்சைக் கழற்றாமலே அதை மாட்டலாம். ஒட்டுப் பகுதி மேலேயும் கீழேயும் வராமற் பக்கவாட்டில் அமையவேண்டும், ஏனெனில் மேலும் கீழுமே உறை அதிகமாக மடங்கி விரிகிறது. அதன் பட்டிகளை, அச்சு தொங்கும்போது இறுக்காமல், வண்டி நிலத்தில் நிற்கும் நிலைக்கு அச்சை உயர்த்தி வைத்து இறுக்குவது அவசியம். இன்றேல் உறை முறுகிச் சில வாரங்களிலேயே கிழியும்.

ஒயில் சீலை மாற்றச் சக்கரத்தின் நடுவிலுள்ள 36 மில்லிமீற்றர் நட்டைக் கழற்றவேண்டும். இதனைத் தளர்த்துவதும் இறுக்குவதும் வண்டி நாற்சக்கரத்திலும் நிலத்தில் நிற்கும்போதே நடைபெறவேண்டும். தாங்கிகளின்மேல் நிற்கும் வண்டியில் அத்தனை பலத்தைப் பிரயோகித்தால் வண்டியே சரியும். இறுக்கவேண்டிய அளவு 30 கிலோகிராம்-மீற்றர். முறுக்கு அளவி இல்லாதவர், ஒரு மீற்றர் நீளக் குழாயைக் கிடையாக மாட்டி, அதன் முனையில் 30 கிலோ எடையைத் தொங்கவிட்டாற் கிடைக்கும் பலம் எவ்வளவோ அவ்வளவு என்று அறியலாம். பூட்டூசியின் துளை நேர்ப்படாவிட்டால் இன்னும் சிறிது இறுக்கவேண்டுமேயன்றி, ஒருபோதும் தளர்த்தக்கூடாது. எண்ணெய் ஊறிய பிரேக் லைனிங்கைப் பெற்றோலிற் கழுவிப் பயன்படுத்துவோர் உண்டு. அது சூடேறியதும் உள்ளே ஊறிய எண்ணெய் மீண்டும் கசியும். புதியதை மாற்றுவதே தக்கது.

வடித்த பழைய எண்ணெயை ஓடையில் விடாமற் கலத்தில் அடைத்துக் கராஜ் ஒன்றிற் கொடுக்கவேண்டும். ஹட்டன் பக்கத்து ஓடைகள் பல காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் வழியாகக் களனி கங்கையிற் சேர்கின்றன. கொழும்பு நகரம் குடிநீர் பெறுவது பெரும்பாலும் அக்கங்கையிலிருந்தே.

யாவும் பூட்டியபின், முன் டயரைவிடப் பின் டயருக்கு அதிகக் காற்று அடைக்கவேண்டும். வொக்ஸ்வாகனுக்கு இது விதி. நான்கிலும் ஒரே அளவு அடைக்கும் பெற்றோல் நிலையப் பழக்கம் வால் வீசுவதற்கு உதவி செய்வதாகும். முதல் ஓட்டத்தைச் சமமான வீதியில் மெதுவாக நடத்தி, அதன்பின்னரே இறக்கத்துக்குச் செல்லலாம். வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்துக் கியரை மாற்றி, வளைவினுள் பிரேக்கைத் தொடாமற் செல்லும் முறை, செப்பனிட்ட வண்டிக்கும் உரியதே. சில நாட்கள் ஓடியதும் புதிய இறப்பர் தன் இடத்தில் அமர்ந்துவிடும். அப்போது ஆணிகளை மீண்டும் இறுக்கி, சக்கரங்களின் சாய்வை இருபுறமும் ஒருமுறை அளந்து, எண்ணெய்க் கோடு ஏதும் தோன்றியிருக்கிறதா எனச் சக்கரங்களின் உட்புறத்தைப் பார்த்துக்கொள்ளவேண்டும்.